பட்டிகள் இல்லாத வரைபடம்

இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் முறையில் பென்னாகரம் 57 ஹெச்/16 என்ற தாளில் அடங்கும். 1802இல் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய அளவைப் பணியின் வழித்தோன்றல் அது. ஒகேனக்கல் நோக்கிச் சரியும் கரடுகளை 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடாக அத்தாள் காட்டுகிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அறிய இதனினும் நம்பத்தக்க ஆவணம் நம்மிடம் இல்லை.

ஆனால் இது ஆநிரைகளின் நிலம். ஆலம்பாடி மாட்டினம் இந்தக் காவிரிக்கரைக் காடுகளில் உருவானது. வரைபடத்தில் ஒற்றையடிப் பாதைக்குக் குறியீடு உண்டு. அதில் நடந்தது மனிதனா மந்தையா என்பதை அக்குறியீடு சொல்லாது. சில மாதங்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கும் மாட்டுப்பட்டியும், கோடையில் வற்றாத பள்ளத்திற்கு மேய்ப்பர் இட்ட பெயரும் அதில் இடம்பெறுவது அரிது. ஆளற்றதாகத் தோன்றும் அப்பரப்பு, உண்மையில் முறைவைத்துப் புழங்கும் பரப்பு.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, அம்மாதமே அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவிற்குச் சுருக்கியது. அதே ஆண்டு நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயமாயிற்று. எனினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. சரணாலயங்களுக்கும் அது பொருந்தும். அவ்வுரிமையைக் கோருவோர் சான்று காட்டவேண்டும். வரைபடத்தில் இல்லாத பட்டிக்கு எதைக் காட்டுவது?

யானை வழித்தடமும் கால்நடை நோயும் குறித்த வனத்துறையின் கவலையை நாம் புறந்தள்ளவில்லை. மந்தை எங்கே, எம்மாதம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எவ்விடத்தில் அதை விலக்கவேண்டும் என்றும் தெரியும். வரைபடம் இருசாராருக்கும் தேவை.

தகடூர் நாட்டினர் ஆநிரை காத்து மடிந்தவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரைப் பொறித்தனர். ஓர் இடத்தையும் அங்கே நடந்ததையும் சேர்த்துப் பதியும் முறை இம்மண்ணுக்குப் புதிதன்று. நடுகற்களைப் படியெடுக்கும் நம் தமிழ்த்துறை மாணவர்கள், முதிய மேய்ப்பருடன் நடந்து பட்டி, பள்ளம், தடம் ஆகியவற்றின் பெயர்களையும் தாளில் குறிக்கலாம். கைப்பேசியே அட்சரேகையைச் சொல்லிவிடும். அதைக் கிராமசபை முன் படித்து, திருத்தி, தீர்மானமாக ஏற்கச் செய்யவேண்டும். அம்முதியவர்கள் இருக்கும்போதே இது நடந்தாகவேண்டும்.