மார்கழியும் ஒலிபெருக்கியும்

மார்கழி விடியலில் திருப்பாவை காதில் விழாமல் கண் விழிப்பது நம்மில் பலருக்குக் குறையாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான். சென்ற மார்கழியில், சித்தையன்கோட்டையில் எங்கள் தெருக் கோயிலில் அதிகாலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கியை முழங்கவிட்டிருந்தோம். எதிர் வீட்டுக்காரர் கைகூப்பியபடி வந்தார். மகளுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். குழந்தை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுகிறது. சற்றே குறைக்கலாகாதா என்றார். “மார்கழியில் உறங்கலாமா?” என்று சொல்லி அனுப்பியவன் நானே.

மனம் உறுத்தவே, பின்னர் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. நாம் இயல்பாகப் பேசும் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகுமாம். கூட்டுவட்டி போட்டுப் பழகிய எனக்கே இக்கணக்கு வியப்பளித்தது.

இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆக, நமது பிரம்ம முகூர்த்தம் சட்டத்தின் கண்ணில் இரவுதான். அந்நேரத்தில் மூடிய கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கிக்கு இடமில்லை. திருவிழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தக்கூடியது ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல், அதுவும் இரவு 10 முதல் 12 வரை மட்டுமே. விடியற்காலைக்கு அத்தளர்வு இல்லை. பகலில் வைப்பதற்கும் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும்.

வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினாலும், இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலும் எவரும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் சுவாமி காரியத்துக்கு எதிராகப் புகார் கொடுத்தவன் என்ற பெயரை ஊரில் யார் சுமப்பார்? அதனால்தான் அவர் காவல் நிலையம் செல்லாமல் எங்களிடம் வந்தார்.

சென்னை மாதவரம் பகுதியில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. தேவாலயத்துக்குத்தானே என்று நாம் ஒதுங்க இயலாது. ‘எந்தச் சமயமும்’ என்பதில் நாமும் அடக்கம்.

வரும் மார்கழியில் மண்டபத்துக்குள் அமர்ந்து வாய்ப்பாட்டாகவே பாடுவது, ஒலிபெருக்கியை அனுமதியுடன் ஆறு மணிக்குப் பிறகே வைப்பது என்று முடிவு செய்துள்ளோம். இதைச் சொல்ல எதிர் வீட்டுப் படியேறினேன். “ஆறு மணிக்கு என் பேத்தியும் விழித்துக்கொள்வாள் ஐயா, அவளும் கேட்கட்டும்” என்றார்.