வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கட்டும்



விடியற்காலை பெரட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். பேர் கூப்பிட்டு முடியவில்லை. பக்கத்திலே டிராக்டர் ஓடிக்கொண்டே நிற்கிறது. அதைச் சுற்றி வேலைக்குப் போகும் ஆட்கள். சற்றுத் தள்ளி ஆயாக் கொட்டகையில் சின்னஞ்சிறு பிள்ளைகள். கால் மணி நேரமோ, அரை மணி நேரமோ, அத்தனை பேரும் இழுக்கும் மூச்சில் டீசல் புகை கலந்திருக்கிறது.

"ஏண்ணே, எஞ்சினை அணைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "டீசல் எஞ்சின் தம்பி, ஓட விட்டாத்தான் நல்லது" என்று பதில் வரும். இது பழைய பேச்சு. இதை இனியும் நம்பலாமா?

எஞ்சினுக்கு என்ன நல்லது என்று முதலில் பார்ப்போம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவ மூன்று, நான்கு நிமிடம் போதும். டர்போ பூட்டிய எஞ்சின் பாரம் இழுத்து வந்தவுடன் பட்டென்று நிறுத்தக் கூடாது. டர்போவில் தங்கிய எண்ணெய் சூட்டில் கருகிவிடும். அதற்கும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். அதற்கு மேல் வெறுமனே ஓடும் எஞ்சின் போதிய சூடு ஏறாமல் டீசலை அரைகுறையாக எரிக்கிறது. எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்க வைக்கிறது. உள்ளே கரி படிகிறது. ஆக, எஞ்சினுக்கும் நஷ்டம், டீசலுக்கும் நஷ்டம்.

இனி நம் உடம்பைப் பார்ப்போம். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரித்தூள் எல்லாம் இருக்கின்றன. அந்தத் தூள் நுரையீரலின் அடிவரை இறங்கும். கண் எரிச்சல், தலைவலி, இருமல் உடனே தெரியும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இல் டீசல் புகையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வரிசையில் வைத்தது. 2012இல் "உண்டாக்கும்" என்றே உறுதியாகச் சொல்லிவிட்டது. மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது; கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

டிராக்டர் ஓட்டும் தோழரைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. "பேட்டரி வீக்கு, அணைச்சா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று அவர் சொன்னால் அது நியாயமான பேச்சு. ஆனால் அதற்கு மருந்து புதுப் பேட்டரி. அதை வாங்கித் தர வேண்டியது நிர்வாகம். பேட்டரிக் காசை மிச்சம் பிடித்து, அதற்கு வட்டியை நம் நுரையீரலில் வசூலிப்பதை ஏற்க முடியாது.

குலையைத் தூக்கிப் போடும் இயந்திரக் கை வேலை செய்யும்போது எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். அப்போது காற்றடிக்கும் திசை பார்த்து, புகை ஆள் மேல் அடிக்காத பக்கமாக நில்லுங்கள். மற்ற நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் அணைத்துவிடுங்கள். பிரேக் போட்டு, சாவியை எடுத்த பிறகே இறங்குங்கள். கூட வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களிடமும் "மாத்திக்கான் எஞ்ஜின்" என்று சொல்லுங்கள். புகை எந்த நாட்டு ஆள் என்று பார்ப்பதில்லை.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்பான இயந்திரமும் வேலை முறையும் தர வேண்டியது முதலாளியின் கடமை. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்துக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டே இரண்டு கோரிக்கை வையுங்கள்: பெரட்டுக் களத்திலும் ஆயாக் கொட்டகைப் பக்கத்திலும் நிற்கும் வண்டியின் எஞ்சினை அணைக்க வேண்டும், பழுதான பேட்டரியை உடனே மாற்ற வேண்டும்.

பெரிய செலவில்லாத கோரிக்கை இது. கேட்காமல் இருந்தால்தான் நமக்குச் செலவு.