விருந்தோம்பிய நகரம்

வந்த விருந்தினரை முகமலர்ந்து ஏற்பது இல்லறத்தார் கடன். நகரங்களுக்கும் அக்கடன் உண்டு. சர்வதேச விளையாட்டு விழாவை நடத்த முன்வரும் நகரம், உலகத்தையே தன் முற்றத்திற்கு அழைக்கின்றது. அங்ஙனம் அழைத்த நகரங்களுள் யப்பானின் டோக்கியோவை நாம் மறத்தலாகாது. நம் தீவிலிருந்து சென்ற இருவரை அது போற்றிய வரலாறு நம் பிள்ளைகள் அறியத்தக்கது.

1945 மார்ச் 10ஆம் நாள், விமானக் குண்டுவீச்சினால் டோக்கியோவின் ஒரு பெரும் பரப்பு ஒரே இரவில் எரிந்தது. ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் மாண்டனர். சாம்பலாகிய அந்நகரம் பதின்மூன்றே ஆண்டுகளில் நிமிர்ந்து, புதிய தேசிய விளையாட்டரங்கு ஒன்றையும் எழுப்பியது. 1958 மே 24 முதல் யூன் 1 வரை, மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா ஆங்கே நிகழ்ந்தது.

அவ்விழாவில் உயரம் பாய்தலில் முதலிடம் பெற்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்றவர். 1952இல் ஹெல்சிங்கியிலும், 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் விழாக்களிற் பங்குபற்றியவர். டோக்கியோவில் அவர் தாண்டிய உயரம் 2.03 மீற்றர், அஃதாவது ஆறடி எட்டங்குலம். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொற்பதக்கம் அதுவே.

ஆனால், அதே மே மாத இறுதியில் இங்கு நடந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. தென்னிலங்கையில் உடைமைகளை இழந்த தமிழர் பல்லாயிரவர், அகதிகளாய்க் கப்பலேறி வடக்கே வந்தனர். அந்நியர் ஊரில் ஒரு தமிழ் மகன் இலங்கைக் கொடியை உயர்த்தினான்; அவனுடைய இனத்தவரோ சொந்தத் தீவிலேயே அடைக்கலம் தேடி அலைந்தனர்.

ஆறு ஆண்டுகளின் பின் ஒலிம்பிக் விழாவும் டோக்கியோவுக்கு வந்தது. ஆசியக் கண்டம் அவ்விழாவைக் கண்டது அதுவே முதன்முறை. 1964 அக்டோபர் 10ஆம் நாள் சுடரை ஏற்றிய இளைஞர் யொஷினோரி சக்காய், அணுகுண்டு விழுந்த நாளிலே ஹிரோஷிமா மாநிலத்திற் பிறந்தவர். விளையாட்டுகளோடு கபுக்கி, நோ நாடகங்களும், பழங்கலைக் கண்காட்சியும் விருந்தினர்க்கு வைக்கப்பட்டன. நொந்த நகரம் தன் நோவைக் காட்டாது, தன் கலையைக் காட்டிற்று.

அவ்விழாவில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கையின் சார்பில் ஓடியவர் ரணதுங்க கருணானந்த என்னும் சிங்கள வீரர். ஏனையோர் யாவரும் ஓடி முடித்தபின்னும் அவருக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. அவர் விலகவில்லை, தனியே ஓடினார். முதலில் நகைத்தவர்களும் அவருடைய உறுதியைக் கண்டு நாணினர். அரங்கம் முழுவதும் கரகோஷம் எழுந்தது. கடைசியாக வந்த அவ்வீரரின் கதை பின்னர் யப்பானியப் பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது.

முதலாவதாக வந்தவரோ தமிழர்; கடைசியாக வந்தவரோ சிங்களவர். டோக்கியோ இருவரையும் விருந்தினராகவே கண்டது. வென்றவரைப் போற்றுதல் எளிது. பின்தங்கியவரையும் மதித்தல் அன்றோ விருந்தோம்பலின் உரைகல்?

யாழ்ப்பாணமும் தீயையும் குண்டையும் கண்ட நகரமே. அதுவும் ஒருநாள் உலகைத் தன் முற்றத்திற்கு அழைத்தல் கூடும். அதற்கு வேண்டிய அரங்கைக் கல்லினாலும் சீமெந்தினாலும் கட்டிவிடலாம். மனத்தையோ இளமையிலேயே பழக்குதல் வேண்டும். ஆதலின், மாணவர்காள்! உங்கள் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு பிள்ளை எல்லோர்க்கும் பின்னே மூச்சிரைக்க ஓடிவருவான். அவன் எந்த இல்லத்தவன் என்று பாராதீர்கள். அவன் எல்லைக் கோட்டைக் கடக்கும்வரை உங்கள் கைகள் ஓயாதிருக்கட்டும்.