கோப்பை கழுவின கைக்கும் சட்டம் இருக்கு

கார் து நோர் ஸ்டேசனால வெளியில வந்து லா சப்பல் பக்கம் நடந்தால், மணிக்கட்டில் பட்டி கட்டின எங்கட ஆட்கள் ஒன்றிரண்டு பேரையாவது காணலாம். போன கிழமை அப்படி ஒரு அண்ணையோட கதைச்சேன். 22 வருடம் ரெஸ்ரோரண்ட் குசினி. கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, பெரிய சட்டி தூக்கின கை. இரவில் விரல் விறைக்குதாம், கையை உதறினால்தான் திரும்ப நித்திரை வருமாம். "வயசு போட்டுது தம்பி" என்றார். வயசு 49.

இது வயசு இல்லை. மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிற வருத்தம். பிரான்ஸில் தொழில்சார் நோய்களுக்குச் சட்டப் பட்டியல்கள் உண்டு. அதில் 57ஆம் இலக்கப் பட்டியல், தோள், முழங்கை, மணிக்கட்டு வருத்தங்களுக்கானது. 1972இலேயே வந்தது. இங்கே அங்கீகரிக்கப்படுகிற தொழில்சார் நோய்கள் பத்தில் எட்டுக்கு மேல் இப்படியான மூட்டு, தசை, நரம்பு வருத்தங்கள்தான்.

ஆனால் வேலையிடத்தில் விழுந்தால் முதலாளி அறிவிக்க வேண்டும். இந்த நோயை நாங்களேதான் செக்குரித்தே சோசியலுக்கு அறிவிக்க வேண்டும். வேலையால் வந்திருக்கலாம் என்று டொக்டர் எழுதித் தந்தால், அதற்குப் பிறகு 2 வருடம்தான் அவகாசம். ஏற்றுக்கொண்டால் சாதாரண வருத்த லீவுக்குக் கிடைக்கும் 50 வீதம் இல்லை. முதல் 28 நாள் 60 வீதம், பிறகு 80. அந்த லீவில் நிற்கும்போது, பெரிய குற்றம் மாதிரியான காரணம் இல்லாமல் வேலையால் நிற்பாட்டவும் ஏலாது.

இனித்தான் எங்கட சிக்கல். பேப்பரில் நாலு மணித்தியாலம், குசினியில் பத்து; மிச்சச் சம்பளம் கையில். அந்த 60 வீதம் பேப்பரில் உள்ளதுக்குத்தான். "வரி மிச்சம்" என்று முதலாளியோட சேர்ந்து சந்தோசப்பட்ட காசு, கை போன பிறகு எங்கட பக்கத்தில் நிற்காது. முதலாளியும் அநேகமாக எங்கட ஆள்தான், ஊர்க்காரன், முகத்துக்காக வாய் திறக்க மாட்டோம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மணிக்கட்டு வருத்தத்துக்கு, அந்த வேலையை விட்டு 30 நாளுக்குள் டொக்டர் அதைக் கண்டு எழுதியிருக்க வேண்டும். பிந்தினால் கதவு முழுக்கச் சாத்துப்படாது. ஆனால் வழக்கு ஒரு நிபுணர் குழுவுக்குப் போகும். வேலையால்தான் வந்தது என்பதை அங்கே நிறுவ வேண்டும். நாங்களோ முதலில் வேலையை விடுவோம், தைலம் பூசுவோம், ஊருக்குப் போய் எண்ணெய் போட்டு வருவோம், கடைசியாகத்தான் டொக்டர்.

அண்ணையிட்ட கேட்டேன், எப்ப வேலையை விட்டனீங்கள் எண்டு.

"மூண்டு மாசம் இருக்கும்" என்றார், தேத்தண்ணிக் கோப்பையை இடக்கைக்கு மாத்திக்கொண்டே.