உழைப்பைப் பார்த்து மயங்காதீர்கள், தோழர்களே

நாட்டுக்கு நாடு "சராசரிப் பெண்ணின் முகம்" என்று ஒரு படத்தொகுப்பு பல வருடங்களாகச் சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல முகங்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கலந்து, ஒரு தழும்பு, ஒரு மச்சம்கூட இல்லாத முகம் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். கீழே "என்ன உழைப்பு! என்ன பொறுமை!" என்று கமெண்டுகள் குவிந்திருக்கும்.

உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் உழைப்பு என்பதாலேயே கைதட்டும் பழக்கம் நமக்கு ஆபத்து. இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவரைவிட அதற்காக அதிகம் மெனக்கெட்டவர் இருக்க முடியாது. அவர் எதற்காக மெனக்கெட்டார் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கைதட்டல் கொஞ்சம் தயங்கும்.

பிரான்சிஸ் கால்டன். 1822இல் பிறந்த ஆங்கிலேயர், சார்லஸ் டார்வினின் உறவினர். பரம்பரைச் சொத்து இருந்ததால் பிழைப்புக்கு வேலை தேட வேண்டிய அவசியம் இல்லாதவர். "நல்ல" பிறப்புகளைப் பெருக்கி "கெட்ட" பிறப்புகளைக் குறைக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்கு 1883இல் அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. சாதியின் அகமண முறையை அறிந்த நமக்கு இந்தக் கொள்கையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1870களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் சிறைத்துறைப் பொறுப்பில் இருந்த எட்மண்ட் டு கேன் கைதிகளின் புகைப்படங்களைக் கால்டனுக்குக் கொடுத்தார். கொலையும் வன்முறையும் ஒரு வகை, திருட்டும் மோசடியும் இன்னொரு வகை, பாலியல் குற்றங்கள் மூன்றாவது வகை என்று அவை பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகைக் குற்றவாளிக்கும் தனி முகம் இருக்கிறதா என்பது கேள்வி. முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசை அதற்குப் பின்னால் இருந்தது.

அவர் செய்த முறையைக் கேளுங்கள். முதலில் எல்லாப் படங்களும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். கண்மணிகள் இரண்டும் வாயும் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்காக நூல் கட்டி அளந்து, படங்களில் ஊசித்துளை போட்டு, புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கித் தொங்கவிட்டார். ஒரு படத்தை நகலெடுக்க 80 விநாடி வெளிச்சம் தேவை என்றால், எட்டுப் படங்களுக்கு ஆளுக்குப் பத்து விநாடி. முதல் படத்துக்குப் பத்து விநாடி லென்ஸைத் திறந்து மூடுவார். அந்தப் படத்தை எடுத்துவிட்டு அடுத்ததற்கு மீண்டும் பத்து விநாடி. நடுவில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் எல்லாம் வீண். எட்டு முகங்களும் ஒரே தகட்டில் படிந்த பிறகு, எல்லாருக்கும் பொதுவானது அழுத்தமாகத் தெரியும். ஒருவருக்கு மட்டும் உரியது புகைபோல மங்கிவிடும். தழும்பு மங்கும், கோணல் மூக்கு மங்கும், அம்மை வடு மங்கும். அந்த மனிதரை அவருடைய அம்மா அடையாளம் கண்டுகொள்ளும் எல்லாமே மங்கும்.

இத்தனைக்கும் பிறகு கிடைத்தது என்ன? குற்றவாளி முகம் கிடைக்கவில்லை. கூட்டு முகம் தனித்தனிக் கைதிகளைவிடப் பார்க்க நன்றாக இருந்தது! இதைக் கால்டனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். தனி ஆட்களிடம் தெரிந்த கொடூரக் களை போய்விட்டது, எல்லாருக்கும் பொதுவான மனித முகமே மிஞ்சியது என்றார். நேர்மையான ஆராய்ச்சியாளர் இந்த இடத்தில் கடையை மூடியிருக்க வேண்டும். அவர் மூடவில்லை. இந்தப் படம் குற்றவாளியைக் காட்டவில்லை, குற்றத்தில் விழக்கூடிய மனிதனைக் காட்டுகிறது என்று விளக்கத்தை மாற்றிக்கொண்டார்.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குற்றம் செய்தவன் என்பதை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். குற்றம் செய்யக்கூடியவன் என்று சொல்ல எதுவும் வேண்டாம், பிறப்பே போதும். 1871இல் பிரிட்டிஷ் அரசு இங்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இருந்ததும் இதே எண்ணம்தான். அந்தச் சட்டம் கால்டனின் படங்களைப் பார்த்து வந்ததல்ல, அது முந்தியது. ஆனால் 1911இல் சட்டத்தைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியபோது, பதிவு செய்யப்பட்டவர்களின் கைரேகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். கைரேகையை அடையாள முறையாக நிலைநாட்டியதில் 1892இல் வந்த கால்டனின் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர்ப்பக்கம் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர் சமூக மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சமூகத்தோடு இன்று நமக்குள்ள சாதி முரண் வேறு கதை. அதைச் சொல்லி அன்றைய அநீதியைச் சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை.

கால்டன் கைதிகளை மட்டும் கலக்கவில்லை. பழைய பதக்கங்கள் ஆறில் இருந்த அலெக்சாண்டரின் முகங்களையும் இதே முறையில் கலந்தார். ஆறு சிற்பிகள் ஆறு விதமாகச் செதுக்கிய முகத்திலிருந்து உண்மையான அலெக்சாண்டரைப் பிடித்துவிட வேண்டும் என்பது நோக்கம். அங்கே பல படங்களிலிருந்து ஒரு மனிதன் வெளியே வருகிறான். கைதிகள் விஷயத்தில் பல மனிதர்கள் உள்ளே போகிறார்கள், ஒருவரும் வெளியே வருவதில்லை. 1883 புத்தகத்தில் இந்தப் படங்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டார். ஆரோக்கியம் என்ற தலைப்புக்கு ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரிகள் 12 பேரும் சிப்பாய்கள் 11 பேரும். நோய்க்குக் காசநோயாளிகள். குற்றத்துக்குக் கைதிகள். யாரை எந்தக் குவியலில் போடுவது என்பது கேமராவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

யூதச் சிறுவர்கள் கதை இன்னும் தெளிவானது. லண்டனில் ஏழை யூதப் பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போய் அவர்களின் படங்களைக் கலந்தார் கால்டன். ஏற்பாட்டைச் செய்தவர் ஜோசப் ஜேக்கப்ஸ் என்ற யூத அறிஞர். அந்தப் பிள்ளைகளின் பார்வை குளிர்ந்து போய், ஆளை எடைபோடுவதாகத் தனக்குத் தோன்றியதென்று கால்டன் எழுதினார். யூதர் என்றால் வட்டிக்கடை என்ற ஐரோப்பியத் தப்பெண்ணத்தின் வேறு வடிவம். அதே படங்களைப் பார்த்த ஜேக்கப்ஸ், எனக்கு அப்படி ஒரு கணக்குப்பார்வை தெரியவில்லை, சிந்தனையாளனும் கனவு காண்பவனும்தான் தெரிகிறார்கள் என்றார். அந்த முகம் தத்துவவாதி ஸ்பினோசாவின் இளவயது முகத்தோடும் ஒப்பிடப்பட்டது. தகடு ஒன்றுதான், ரசாயனமும் ஒன்றுதான். பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் வேறு.

இதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்தார். மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூக அந்தஸ்து குறைகிறது என்று விதியே எழுதிவிட்டார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இவர்களும் சோம்பேறிகள் அல்ல. ஆயிரக்கணக்கான எண்களை வரிசை வரிசையாக எழுதி வைத்தவர்கள்.

அந்த எண்களை அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார் என்பதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். தீண்டப்படாதவர் யார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1948இல் அவர் எழுதிய நூலில், அளவைகளைக் குப்பை என்று தூக்கி எறியவில்லை. உட்கார்ந்து படித்தார். மாகாணம் மாகாணமாகப் பார்ப்பனர் மூக்கையும் தீண்டப்படாதவர் மூக்கையும் அருகருகே வைத்தார். இரண்டும் ஒரே இனம் என்றுதான் உங்கள் அளவுகோலே சொல்கிறது, தீண்டாமைக்கு இனம் காரணம் அல்ல என்று முடித்தார். கோபம் வந்தாலும் அட்டவணையைக் கீழே வைக்காத அந்தப் பழக்கம் நமக்கு வர வேண்டும். புள்ளியியல் வகுப்பைக் கட் அடிக்கிற தோழர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

இன்று மூக்கை அளக்க ஆள் தேவையில்லை, மென்பொருள் அளக்கிறது. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. இவர்களும் அம்பேத்கர் வழியில்தான் போனார்கள். கருவியைத் திட்டிவிட்டு நகரவில்லை. குவியலில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். சாதிக் கொலைகளில் உயிரிழந்தவர்களின் முகங்களையெல்லாம் கணினியில் கலந்து, ஒரே முகமாக்கிப் போஸ்டர் போட்டால் என்ன என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். பார்க்கிறவர்களை உலுக்கும், பகிர்வார்கள். ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதே.

ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று இதைச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், 1913இல் பஞ்சாலைக் குழந்தைகளின் முகங்களைக் கலந்து கூட்டுப் படங்கள் செய்தார். ஆலை இந்தப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று காட்டுவது அவர் நோக்கம். அந்தப் படங்களை இன்று பார்த்தால் ஆவி போல ஒரு முகம் தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. ஹைனின் பெயர் நிலைத்தது வேறு படங்களால். ஆலைக்குள் நுழைந்து, சட்டைப்பைக்குள் கையை விட்டுக் குறிப்பெழுதி, தன் கோட்டுப் பொத்தானை வைத்துக் குழந்தையின் உயரத்தைக் கணக்கிட்டு, பெயர், வயது, வேலை, கூலி என்று படத்துக்குப் படம் எழுதி வைத்தாரே, அந்தப் படங்களால். மெனக்கெடல் என்றால் நான் இதைத்தான் மதிப்பேன். டு பாய்ஸ் 1900 பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன 363 புகைப்படங்களில் பலவும் அப்படித்தான், கறுப்பின மக்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, நிமிர்ந்து. அந்த ஆல்பங்களில் பெயர்கள் இல்லாதது மட்டும் எனக்குக் குறையாகவே படுகிறது.

வெண்மணியில் 44 பேர் என்கிறோம். மேலவளவில் முருகேசன் உட்பட ஏழு பேர் என்கிறோம். முருகேசன் பெயர் வாயில் வருகிறது, மற்ற ஆறு பேர்? வெண்மணியில் எரிந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நம் கூட்டங்களில் ஒலிக்கிறது? எண்ணும் ஒரு கூட்டு முகம்தான் தோழர்களே. அதையும் நாமே செய்து வைத்திருக்கிறோம்.

போஸ்டருக்குச் செலவிடப்போகும் அந்த இரவுகளை வேறு விதமாகச் செலவிடுங்கள். ஊருக்குப் போங்கள். பெயர், வயது, செய்த வேலை, படித்த வகுப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் வீட்டாரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்தப் படத்தைப் போடலாம் என்று அவர்களையே கேளுங்கள். எஃப்.ஐ.ஆரோடு வந்த படத்தைக் கொடுக்க மாட்டார்கள். பெட்டியைத் திறந்து, ஏதோ ஒரு கல்யாணத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிற படத்தைத் தேடி எடுத்துத் தருவார்கள்.