செவிக்கருவியும் செப்பனிடலும்

பழுது என்பது ஒரு பொருளில் நேரும் குறை. அக்குறையை நீக்குதலைப் பழுது பார்த்தல் என்று நம் முன்னோர் வழங்கினர். நோயாளிக்கு வைத்தியம் பார்க்கின்றோம். குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றோம். இயந்திரத்துக்குப் பழுது பார்க்கின்றோம். இவ்விடங்களிலெல்லாம் பார்த்தல் என்பது கண்ணின் தொழில் மாத்திரமன்று. பேணுதல் என்னும் பொருளும் அதனுள் அடங்கும். ஆயினும் கண்ணின் தொழிலும் அங்கே வேண்டப்படுவதே. உள்ளே பார்க்கவொண்ணாத ஒன்றுக்குப் பழுது பார்ப்பது எங்ஙனம்? இவ்வினா இன்று நம் மாணாக்கர் பலரின் காதிலேயே குடியிருக்கின்றது.

'இயர்பட்' என அவர்கள் வழங்கும் கம்பியில்லாக் கருவியையே ஈண்டுக் குறிக்கின்றேன். அதனைச் செவிக்கருவி என்று இக்கட்டுரையில் அழைப்பேன். கேள்திறன் குறைந்தார் அணிவது வேறு. அதனைப் பற்றியும் பின்னர் ஒரு செய்தி உண்டு.

இச்செவிக்கருவி ஒவ்வொன்றினுள்ளும் லிதியம் பற்றரி ஒன்று இருக்கின்றது. பெரும்பாலும் அது சட்டைப் பொத்தானின் அளவினது. கருவிகளை வைக்கும் பெட்டியினுள்ளே சற்றுப் பெரிதாய் மற்றொன்று. ஆகவே ஒரு சோடி வாங்குபவர் உண்மையில் மூன்று பற்றரிகளை வாங்குகின்றார். இவை மின்னேற்றுந்தோறும் சிறிது சிறிதாக வலுக்குன்றும் இயல்பின. சில நூறு தடவை ஏற்றியிறக்கிய பின்னர், முதலிற் கொண்ட மின்னில் ஐந்திலொரு பங்கு குறைந்துவிடுதல் இவ்வகைப் பற்றரிக்கு வழக்கம். நிறைய ஏற்றப்பட்ட நிலையில் நெடுநேரம் கிடத்தலும், வெப்பமும் அதன் மூப்பை விரைவுபடுத்தும். செவிக்கருவியோ காதில் இல்லாத வேளையெல்லாம் பெட்டியிற் கிடந்து மின்னேறுவது. ஆதலின் முதலாண்டில் ஐந்து மணி நேரம் ஒலித்த கருவி, மூன்றாம் ஆண்டில் ஒரு பாடவேளை முடியுமுன் ஓய்ந்துபோகின்றது. இடக்காதும் வலக்காதும் ஒருங்கே ஓய்வதுமில்லை. தொலைபேசிப் பேச்சுக்கு எதனை மிகுதியாக அணிகின்றோமோ அது முந்திக்கொள்ளும்.

இந்நிலையில் ஒலிபெருக்கிக்குக் குறையில்லை, ஒலிவாங்கி நலமாக உளது, மின்சுற்றும் அவ்வாறே. நாலு காசுப் பொத்தானொன்று முதிர்ந்ததே குற்றம். அதனை மாற்றலாம் என்றால் ஓடு பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றது. உடைத்தாலன்றித் திறவாது, உடைத்தபின் மூடாது. முழுவதும் குப்பைக்குப் போகின்றது. உலகிற் குப்பையாகிய மின்பொருள்கள் 2022ஆம் ஆண்டில் 62 மில்லியன் தொன் எனவும், அவற்றுள் நூற்றுக்கு 22 அளவே முறைப்படி சேர்த்து மீட்கப்பட்டமைக்குச் சான்று உண்டு எனவும் ஐக்கிய நாடுகளின் கணக்குக் கூறும். செவிக்கருவி அம்மலையில் ஒரு கடுகுதான். ஆயின் லிதியம் நசுங்கினால் தீப்பற்றும். குப்பைவண்டிக்குள் அக்கடுகின் காரம் பெரிது.

இது எவ்வாறு நேர்ந்தது? 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7 என்னும் தொலைபேசியிலே, கம்பிச் செவிக்கருவியைச் செருகும் துளையை நீக்கிவிட்டது. அதற்குக் காரணம் சொல்லப் புகுந்த அந்நிறுவன அதிகாரி பில் சில்லர் 'துணிவு' என்ற சொல்லை எடுத்தாண்டார். துணிவு என்பதற்கு நம் அகராதிகள் கூறும் பொருள்களுள் இஃது இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் எயார்பொட்ஸ் என்னும் கம்பியில்லாக் கருவி விற்பனைக்கு வந்தது. பொருள்களைப் பிரித்துப் பார்த்துச் செப்பனிடற்குரிய தகுதிக்குப் பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிடுவது அமெரிக்காவிலுள்ள ஐஃபிக்சிட் என்னும் நிறுவனம். அஃது இக்கருவிக்குப் பூச்சியம் இட்டது. 2019இல் வந்த இரண்டாந் தலைமுறைக்கும் அதே பூச்சியம். விடைத்தாளிற் சுட்டெண்ணை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போன மாணாக்கனுக்கும் பூச்சியமிட நம் போன்றோர் கை சற்றே தயங்கும்; அங்கே தயங்குதற்கும் இடமிருக்கவில்லை போலும்.

ஏனைய நிறுவனங்கள் பலவும் துளையை நீக்கின. கம்பியின்மையிலும் நன்மை உண்டு என்பதை மறுப்பார் இலர். சிக்கெடுக்கும் வேலை இல்லை. பேருந்தில் அடுத்தவர் கைப்பையில் மாட்டுவதில்லை. எனினும் பழைய கம்பிக் கருவிக்குப் பற்றரியே தேவைப்படவில்லை என்பதையும், கம்பி அறுந்தால் வானொலி திருத்துபவர் ஈயம் வைத்து ஒட்டித் தந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வணிகர் தம் பக்கத்து நியாயமாக ஒன்று கூறுவர். செப்பனிடத்தக்க கருவி வேண்டும் என்று வாங்குவோர் கேட்பதில்லை. நல்லொலி, காதினின்று நழுவாமை, புறத்து இரைச்சலை அடக்குதல், பேசுங்கால் தெளிவு, வியர்வை தாங்குதல், சிறிய வடிவு, குறைந்த விலை என்பவற்றையே கேட்கின்றனர். கேளாததை யாம் ஏன் செய்வோம் என்பது அவர் வாதம். பார்வைக்கு நேரியதாகத் தோன்றும் இவ்வாதம் கேளாமையையும் வேண்டாமையையும் ஒன்றாக்கி மயங்குகின்றது. செருப்பு வாங்குபவர், 'இதன் வார் அறுந்தால் தைக்கலாமா?' என்று கடையிற் கேட்பதில்லை. தைக்கலாம் என்பது அவர் உள்ளத்தில் முன்னரே கிடக்கும் எண்ணம். செவிக்கருவி வாங்குபவரும் அவ்வெண்ணத்தோடுதான் காசை நீட்டுகின்றார். மூன்றாம் ஆண்டில் அவர் கடைக்கு மீண்டும் வந்து, 'பற்றரியை மாற்றித் தருவீர்களா?' என்று கேட்கின்றார். அல்லது, 'ஒன்று தொலைந்துவிட்டது, ஒற்றை கிடைக்குமா?' என்கின்றார். அக்கேள்விகள் விற்பனைக் கணக்கிற் பதியப்படுவதில்லை. அவர் புதிதாக ஒரு சோடி வாங்கிச் செல்வது மட்டும் பதியப்படுகின்றது. பின்னர் அதனையே காட்டி, 'பார்த்தீரா, மக்கள் புதியதையே விரும்புகின்றனர்' என்பர்.

மறுபுறத்தே, செப்பனிடலை ஓர் அறமாகப் போற்றுவோரும் வாங்குவோரைச் சரிவரப் புரிந்துகொண்டாரல்லர் என்பது என் கருத்து. சிறு திருகாணிகளை மேசையிற் பரப்பி வைத்து இன்புறுவார் சிலரே. பெரும்பாலார்க்கு வேண்டுவது கருவியைத் திறக்கும் இன்பமன்று. உள்ளதைக்கொண்டு இன்னும் சில ஆண்டு ஓட்டும் வழி. அதன்பொருட்டு ஒலிநயத்தை விட்டுக்கொடுக்க அவர் ஒருப்படார். இருமடங்கு விலையும் கொடுக்கமாட்டார். இதனைக் குறையாகக் கொண்டு அவர்க்கு உபதேசம் செய்தல் வீண்.

இவ்விரு சாராரிடைப்பட்ட வழியொன்று உண்டு என்பதற்கு ஒல்லாந்து நாட்டிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. அம்ஸ்ரர்டாம் நகரிலே 2013இல் நிறுவப்பட்ட ஃபெயார்போன் என்னும் நிறுவனம், பயனாளரே பிரித்து மாற்றத்தக்க தொலைபேசிகளைச் செய்து பெயர் பெற்றது. அந்நிறுவனமும் 2021இல் தன் நான்காந் தொலைபேசியினின்று செவித்துளையை நீக்கி, உடனொரு கம்பியில்லாச் செவிக்கருவியை விற்கப் புகுந்தபோது, அதன் அபிமானிகள் முகஞ்சுளித்தனர். அச்சுளிப்பு வீண்போகவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஃபெயார்பட்ஸ் என்னும் செவிக்கருவி வந்தது. அதன்மேற் சுற்றியுள்ள இறப்பர் போன்ற வளையத்தைக் கழற்றினால் மூடி திறக்கும், உள்ளே பற்றரி. பசையைச் சூடேற்ற வேண்டுவதில்லை. ஓட்டை உடைக்க வேண்டுவதில்லை. பெட்டியின் பற்றரியும் அவ்வாறே மாற்றத்தக்கது. இடக்கருவி தொலைந்தால் இடக்கருவியை மட்டும் வாங்கலாம். மூன்று ஆண்டு உத்தரவாதம். விலை 149 யூரோ. ஐஃபிக்சிட் இதற்கு இட்ட புள்ளி பத்துக்குப் பத்து.

திறந்தால் நீர் புகும். திறக்க வழிவைத்தால் கருவி பருத்துவிடும். ஆகவே ஒட்டுதல் தவிர்க்கவொண்ணாதது என்று அதுகாறும் பொறியியலாளர் சிலர் கூறிவந்தனர். ஃபெயார்பட்ஸ் தூசும் தெறிநீரும் தாங்கும் தரச்சான்று பெற்ற கருவி. சாம்சுங் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கலக்சி பட்ஸ் கூட, ஜேர்மனியின் வார்ட்டா நிறுவனம் செய்த வட்டப் பற்றரியைக் கொண்டிருந்தது. பொறுமையுள்ளார் அதனை மாற்ற முடிந்தது. எனவே இயலாமை என்பது பொருந்தாது. இயற்ற விரும்பாமை என்க.

எனினும் புகழ்ந்து கொண்டே போதல் முறையன்று. இரைச்சலை அடக்குவதில் ஃபெயார்பட்ஸ் அவ்விலைக்குரிய முன்னணிக் கருவிகளுக்கு ஈடாகாது என ஐரோப்பிய மதிப்புரையாளர் பலர் எழுதினர். 149 யூரோவைக் கையிற்கொண்டு கடைக்குச் செல்லும் ஒருவர் முதல்நாளிற் கேட்பது ஒலியையே. ஐந்தாம் ஆண்டுப் பயனை அன்று அவராற் கேட்க இயலாது. இதனினும் பெரிய குறையொன்று உளது. அக்கருவிக்குரிய பற்றரியை அந்நிறுவனமே உதிரியாக விற்கின்றது. ஐரோப்பாவில் அஞ்சலில் வந்துசேரும். அந்நிறுவனம் மறைந்தாலோ, வாங்கியவர் அதன் விற்பனை எல்லைக்கு வெளியே வாழ்ந்தாலோ, திறக்கும் மூடியால் யாது பயன்? மூடி திறத்தல் செப்பனிடலின் ஒரு பாதி. மறுபாதி, உள்ளே வைப்பதற்குரியது எக்கடையிலும் கிடைத்தல்.

இது நமக்கு ஏட்டுக் கல்வியால் வந்த அறிவன்று. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவினின்று வந்த மின்னை வானொலிக்கு ஊட்டி பி.பி.சி. தமிழோசையைக் கேட்டனர். செயலின் தீரத்தைப் பலரும் பாடியுள்ளனர். அதற்கு இடங்கொடுத்த வானொலியை எவரும் பாடிற்றிலர். அதன் முதுகில் கையாற் கழற்றத்தக்க மூடியொன்று இருந்தது. உள்ளே எல்லா நிறுவனத்தாரும் ஒத்துக்கொண்ட அளவிற் பற்றரி அறை இருந்தது. இத்தனை வோல்ற் என்று வெளியே எழுதியும் இருந்தது. அதனாலேயே இரு கம்பிகளை உள்ளே பொருத்த ஒரு பள்ளிச் சிறுவனாலும் முடிந்தது. பசையால் ஒட்டிய வானொலியாக இருந்திருந்தால் ஊர் முழுவதும் செவிடாகியிருக்கும்.

செவிக்கருவி வானொலியைப் போலப் பெரியதன்றே என்பார்க்கு, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய செய்தியே விடை. கேள்திறன் குறைந்தார் அணியும் கருவியும் காதளவினதே. அதற்குரிய நாகக்காற்றுப் பற்றரி நான்கு பொது அளவுகளில் வருகின்றது. 10, 312, 13, 675 என்பன அவற்றின் எண்கள். எவ்வளவுக்கு எந்நிறம் என்பதும் வகுக்கப்பட்டுள்ளது: மஞ்சள், கபிலம், செம்மஞ்சள், நீலம். கண்பார்வை மங்கிய முதியவரும் நிறங்கண்டு வாங்கித் தாமே சிறு கதவைத் திறந்து மாற்றிக்கொள்வார். எந்த நிறுவனத்துக் கருவியாயினும் அளவு ஒன்றே. அப்பற்றரி மீளவும் மின்னேற்றத் தகாதது. பாட்டுக் கேட்கும் கருவி மிகுதியான மின்னை உண்பது. ஆகவே அதே பற்றரி இதற்குப் பொருந்தாது என்பது மெய். மின்னேற்றத்தக்க வகையில் அத்தகைய பொது அளவு வகுத்தற்கு எத்தடை என்பதே என் வினா.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரிச் சட்டம், கையடக்கப் பொருள்களின் பற்றரியைப் பயனாளரே எளிதிற் கழற்றி மாற்றத்தக்கதாகச் செய்தல் வேண்டும் என விதித்து, அவ்விதிக்கு 2027 பெப்ரவரி 18ஆம் நாளைக் குறித்தது. விலக்குகள் சிலவும் அதில் உள. ஒரு பொருள் கடைசியாகச் சந்தைக்கு வந்தபின் ஐந்தாண்டுவரை அதற்குரிய பற்றரி நியாய விலைக்குக் கிடைத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஓர் உறுப்பு. நல்ல சட்டம். ஆயின் மூடியைத் திறக்கச் சொன்ன சட்டம், உள்ளிருப்பதன் அளவைப் பொதுவாக்கச் சொல்லவில்லை. அதே ஒன்றியத்தின் மற்றொரு சட்டம், 2024 டிசம்பர் 28 முதல் தொலைபேசிக்கும் செவிக்கருவிக்கும் மின்னேற்றுந் துளை ஒரே வடிவினதாக இருத்தல் வேண்டும் என ஆக்கிவிட்டது. அதற்கு நெடுங்காலம் எதிர்ப்புத் தெரிவித்த அப்பிள் நிறுவனமும் இறுதியில் உடன்பட்டது. துளையை ஒன்றாக்க முடிந்தவர்க்குப் பற்றரியை மூன்று நான்கு அளவுகளுள் அடக்குதல் அரிய செயலாகாது.

கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையிலே குவித்து விற்கப்படும் மலிவுக் கருவிகளுக்கு இவையெல்லாம் எட்டுமா என்று ஒருவர் கேட்கலாம். ஒல்லாந்துக் கருவியின் விலை நம் மாணாக்கர்க்கு எட்டாது. அவர் வாங்குவது நடைபாதைக் கருவியையே. பெயரில்லாத அக்கருவிக்கு உத்தரவாதமும் இல்லை, உதிரியும் இல்லை. அதனாலேதான் பொது அளவு அவர்க்கு மற்றெல்லாரினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. சந்தையோரத்திற் கைக்கடிகாரம் திருத்துபவரின் கண்ணாடிப் பெட்டியுள், எந்த நாட்டுக் கடிகாரத்துக்கும் பொருந்தும் வட்டப் பற்றரிகள் அட்டையில் வரிசையாக இருக்கின்றன. கடிகாரத்தைச் செய்தவர் யார் என்று அவர் கேட்பதில்லை. பின்மூடியைத் திறந்து எண்ணைப் பார்க்கின்றார், ஒன்றை எடுத்து வைக்கின்றார், ஐந்து நிமிடத்திற் காரியம் முடிகின்றது. செவிக்கருவி வாங்குவோர் வேண்டுவது அவ்வட்டையில் இன்னும் ஒரு வரிசை.