பரிசளிப்போடு முடிந்துபோகும் ஹேக்கத்தான்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குரோம்பேட்டை முதல் காட்டாங்கொளத்தூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரிகளுக்கு ஹேக்கத்தான் இன்று ஆண்டுவிழா மாதிரி ஆகிவிட்டது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்தான் பலவற்றுக்கும் முன்மாதிரி. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் சிக்கல்களைக் கொடுக்கின்றன. ஒரு மாணவியாவது இடம்பெற்ற ஆறு பேர் அணி, இறுதிச் சுற்றில் 36 மணி நேரத்துக்குள் மென்பொருளைச் செய்து காட்ட வேண்டும். மாணவர்கள் தூக்கம் கெடுவதைப் பற்றி நான் புலம்பவில்லை, இளவயது, தாங்கும். செய்து முடித்ததை ஏற்று நடத்தும் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாத ஒரு துறை, சிக்கலை மட்டும் மாணவர்களிடம் நீட்டுவதைத்தான் கண்டிக்கிறேன்.

வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லும் செயலி, இப்பகுதி மாணவர்களுக்கு இயல்பாகவே தோன்றக்கூடிய யோசனை. ஆனால் அதற்கு மழைமானிக் கணக்கு வேண்டும், மணிமங்கலம், ஆதனூர் பக்கமிருந்து வரும் உபரிநீரின் அளவு வேண்டும், மழைநீர் வடிகால்களின் ஆழமும் சரிவும் வேண்டும். இவை கையில் இல்லாவிட்டால் டம்மி டேட்டாவில்தான் டெமோ ஓடும். நடுவர்கள் முன்னால் வரைபடம் சிவப்பாக மின்னும். அடுத்த மழைக்காலத்தில் சர்வருக்கு வாடகை கட்ட ஆளிருக்காது. அதே 2015 வெள்ளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் பொதுமக்களே நீர் தேங்கிய தெருக்களைக் குறித்தார்கள். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. உண்மைத் தகவல் இருந்தது, அது பயன்பட்டது. 1999-இல் கனடாவின் கால்கரியில் கூடிய ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர்களும், ஹேக்கத்தான் என்ற பெயரில் தாங்கள் பராமரித்துவந்த மென்பொருளுக்காகவே உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பராமரிப்பது யார் என்ற கேள்விக்கே இடமில்லை.

இது பயிற்சிதானே, வேலைக்கு உதவுமே என்பார்கள். உதவட்டும். வெறும் பயிற்சி என்றால் கற்பனைக் கணக்கே போதும், அரசுத் துறையின் பெயர் எதற்கு? தவிர, மென்பொருள் தொழிலில் பெரும்பாடு பராமரிப்புதான். அதைத் தொடாத பயிற்சி அரைகுறைதான். தகவலை வெளியிட்டால் ஆபத்து என்பது அடுத்த வாதம். வடிகாலின் சரிவு யாருடைய ஆதார் எண்ணும் அல்ல. படிப்பு முடிந்ததும் மாணவர்கள் போய்விடுவார்கள் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஹேக்கத்தான் மென்பொருளின் பராமரிப்பை இறுதியாண்டு புராஜெக்டாக ஏற்று, அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கும் பழக்கம் கல்லூரிகளுக்கு வேண்டும் என்கிறேன். இதற்குப் பெரிய செலவில்லை. பொறுப்பேற்க ஒரு பேராசிரியர் போதும்.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி இதற்குப் பொருத்தமான இடம். வடிகால் வரைபடங்களை எல்லோரும் எடுத்தாளும்படி வெளியிடட்டும். தேர்வாகும் மென்பொருளை ஒரு வார்டிலாவது ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்க ஒரு பொறியாளரை நியமிக்கட்டும். அதுவரை, வெள்ளத்தைத் தலைப்பாக வைக்கும் எந்த ஹேக்கத்தானுக்கும் மாநகராட்சியிலிருந்து சிறப்பு விருந்தினர் போகவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேலையூர்